ட்விக்ஸ்டர்: அலங்காநல்லூர் காளைக்கு ஓகே, அழகர் தண்ணிக்கு ஆகாது

எடுத்த பிரேம்களுக்கு நடுவுல புது பிரேம்களைக் கணக்குப் போட்டு உருவாக்குற ட்விக்ஸ்டர், ஸ்லோ மோஷனுக்கு நல்ல பிளக்-இன்தான் (எடிட்டிங் சாப்ட்வேரோட சேர்க்குற துணைக் கருவி). கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா கவுத்துடும். அடோபி பிரீமியர் எடிட்டிங் சாப்ட்வேர்ல படம் திக்கித் திக்கி ஓடுதுன்னா முதல்ல பிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிரேம்னு பாருங்க. 25 பிரேம்ல எடுத்த கிளிப்பை 30 பிரேம் டைம்லைன்ல போட்டா நொடிக்கு 5 பிரேம் இரட்டிக்கும். அந்த இடத்துல பிளக்-இன்னுக்கு அசைவே தெரியாது. கிளிப்போட ரேட்டுலயே சீக்வென்ஸ் (டைம்லைன்) போடுங்க. போன்ல எடுத்ததுல பிரேம் ரேட் ஏறி இறங்கும்; அதை ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாப்ட்வேர்ல 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்' (மாறாத ரேட்) வச்சு மாத்திட்டுத்தான் உள்ள விடணும்.

வேகத்தைக் குறைச்சதும் கிளிப் பாதியில வெட்டுப்படுதா? பிளக்-இன் நீளத்தைக் கூட்டாது. கிளிப்பை நெஸ்ட் பண்ணி (தனி சீக்வென்ஸுக்குள்ள போட்டு), உள்ளே கிளிப் முடியுற இடத்துல டிரான்ஸ்பரன்ட் வீடியோ (பிரீமியர்லயே இருக்குற வெற்றுக் கிளிப்) சேர்த்து நீட்டுங்க.

வாடிவாசல் விட்டுப் பாயுற காளை, 50 பிரேம்ல, 1/1000 ஷட்டர்ல இருந்தா பிசிறில்லாம வரும். கொம்பு கம்பத்தைக் கடக்கும்போது மட்டும் கம்பமும் ரப்பர் மாதிரி வளையும். அங்க ட்விக்ஸ்டர்ல இருக்குற 'மோஷன் சென்சிட்டிவிட்டி' அளவைக் குறைச்சுப் பாருங்க.

வைகையில அழகர் மேல தண்ணி பீய்ச்சுற காட்சிக்கு இது சுத்தமா ஒத்துவராது. எந்தத் துளி எங்க போச்சுன்னு கணக்குத் தெரியாம எல்லாம் இழுபட்டு நிக்கும். அதை 120 பிரேம்லயே எடுத்துடுங்க. டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோங்கிற எடிட்டிங் சாப்ட்வேர் ஏற்கெனவே இருந்தா, ட்விக்ஸ்டருக்குக் காசு கொடுக்குறதுக்கு முன்னாடி அதுல இதே வேலையைச் செய்யுற ஸ்பீட் வார்ப்பையும் ஓட்டிப் பாருங்க.