புறக்கோட்டைக் கடையில் ஒரு நாஸ் பெட்டி: ஐந்து வருட அனுபவம்

வாங்கின முதல் கிழமையிலேயே எழுதப்படும் ரிவியூக்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. புதுப் பெட்டி எதுவும் நல்லாகத்தான் ஓடும். நாங்கள் 2020 கடைசியில் வாங்கிய நாஸ், அதாவது கடையின் எல்லாக் கணினிகளும் நெட்வேர்க் வழியாக பைல் வைக்கும் பெட்டி, சினோலஜி டிஎஸ்220 பிளஸ். அது இப்போது ஐந்து வருடம் தாண்டிவிட்டது. அதனால் எழுதலாம்.

கொழும்புப் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி மொத்தமாக விற்கும் கடை. ஏழு கணினி, ஒரு கணக்கப்பிள்ளை ஐயா, வெல்லம்பிட்டியில் மூட்டைகள் வைக்க ஒரு ஸ்டோர்ஸ். எனக்கு அங்கே பெயர் ‘கொம்பியூட்டர் தம்பி’. பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2020 ஓகஸ்ட் 17 நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அன்று பின்னேரம் கரண்ட் திரும்பி வந்தபோது, சேர்வர் என்ற பெயரில் மூலையில் கிடந்த எங்கள் பழைய டெஸ்க்டொப் எழும்பவில்லை. வன்தட்டு ‘டக் டக்’ என்று சத்தம் போட்டது, அவ்வளவுதான். பில் கொப்பிகளை விரித்து வைத்து மூன்று நாள் திரும்ப அடித்தோம். அதற்குப் பிறகுதான் முதலாளி காசு தரச் சம்மதித்தார்.

வாங்கியவை: இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகளோடு நாஸ், ஒரு மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர், பைபர் இணைப்பு, அது விழுந்தால் ஓட ஒரு 4ஜி ரவுட்டர், ஒரு 650 விஏ யூபிஎஸ். வன்தட்டு இரண்டும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக மற்றது, அதாவது ரெய்ட் 1. இதைத்தான் ‘பெக்அப் இருக்கு’ என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தட்டு செத்தால் கடை நிற்காது, உண்மை. ஆனால் யாராவது ஒரு போல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டு தட்டிலும் அழியும். அழிந்ததை எடுத்துத் தருவது ஸ்னெப்ஷொட், அதாவது பைல்கள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை நாஸ் அப்படியே பிடித்துவைப்பது. பெட்டியே எரிந்தாலோ களவு போனாலோ அதுவும் உதவாது, வேறு இடத்தில் பிரதி வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பிரபலமாக்கியவர் பீட்டர் குரோக் என்ற படப்பிடிப்பாளர். படம் தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

எவ்வளவு தரவு போனால் தாங்கலாம், எவ்வளவு நேரம் நின்றால் தாங்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பாடப்புத்தகங்களில் ஆர்பிஓ, ஆர்டிஓ என்று பெயர். முதலாளியிடம் இதைக் கேட்டதற்கு வந்த பதில்: “தம்பி, இண்டைக்குப் போட்ட பில் போனா திரும்ப எழுதலாம். ஆரிட்டயிருந்து எவ்வளவு வரவேணும், எந்தச் செக் எந்தத் திகதிக்கு எண்ட கணக்குப் போனா நான் கடையைப் பூட்டவேணும்.” புறக்கோட்டை முழுக்கப் பின்திகதியிட்ட செக்கில் ஓடுகிற இடம். ஆகவே கடன் கணக்குக்கு மணித்தியாலத்துக்கு ஒரு பிரதி, மற்றதெல்லாம் இரவில் ஒருதரம் என்று வைத்தேன்.

நான் பிடிபட்டதும் இதே கடன் கணக்கில்தான். ஏழு மாதம் தினமும் ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் சும்மா விளையாட்டாக ஒரு பழைய மடிக்கணினியில் பிரதியை மீட்டுப் பார்த்தேன். கணக்கு மென்பொருள் திறக்க மறுத்தது, டேட்டாபேஸ் சிதைந்திருக்கிறதாம். முந்தின நாள் பிரதி, அதற்கு முந்தினது என்று எதைப் போட்டாலும் அதே கதை. டேட்டாபேஸ் திறந்து எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த பைலை நான் கொப்பி செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஒரு பாதி பழையது, மறுபாதி புதியது. பைல் இருக்கிறது, அளவும் சரி, உள்ளே குப்பை. அன்றைக்கு வெள்ளவத்தை பஸ்ஸில் வீடு போகும்வரைக்கும் வயிற்றைப் பிசைந்தது. இப்போது மென்பொருளின் சொந்த ஏற்றுமதியை முதலில் ஓடவிட்டு, அது முடிந்த பிறகு அந்தப் பைலை மட்டும் எடுக்கிறேன்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சோதனை. கணக்கப்பிள்ளை ஐயா பழைய பில் கொப்பி ஒன்றை எடுத்து, கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து இலக்கத்தைச் சொல்வார். பிரதியிலிருந்து மீட்ட கணக்கில் அந்தப் பில்லை நான் காட்டவேண்டும். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பார். முதல்தரம் நான்கு மணித்தியாலம் போனது, அதில் ஒன்றரை மணித்தியாலம் மென்பொருளின் லைசன்ஸ் இலக்கத்தைத் தேடியது. இப்போது ஐம்பது நிமிடத்தில் முடிகிறது. லைசன்ஸ் இலக்கமும் கடவுச்சொற்களும் ஒரு கடதாசியில் அச்சடித்து இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன.

யூபிஎஸ் விஷயத்தில் 2022 நல்ல பாடம் தந்தது. புதிதாக இருக்கும்போது நாஸ், ரவுட்டர், பைபர் பெட்டி மூன்றையும் முக்கால் மணித்தியாலம் தாங்கியது. அவ்வருடம் மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. அதற்கு முன்னும் பின்னும் தினமும் மணித்தியாலக் கணக்கில் வெட்டு. உள்ளே இருப்பது 12 வோல்ட் ஈயப் பற்றரி. எப்போதாவது ஒருதரம் பத்து நிமிடம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அது. தினமும் அடிவரை இறங்கி, நிரம்பும் முன்பே திரும்ப இறங்கினால் என்ன ஆகும்? யூலையில் நான்கு நிமிடம்கூட நிற்கவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய காலம், பற்றரி விலை கேட்டாலே தலை சுற்றும். அந்த நான்கு நிமிடத்தில் நாஸைக் காப்பாற்றியது ஒரு யூஎஸ்பி வயர். கரண்ட் போனதை யூபிஎஸ் அந்த வயர் வழியாகச் சொல்ல, நாஸ் தானாகவே ஒழுங்காக அணைந்துவிடும். பல கடைகளில் இந்த வயர் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக்கோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது பற்றரி மாற்றின திகதியை யூபிஎஸ் மேல் மார்க்கரால் எழுதிவைக்கிறேன், இரண்டு வருடத்துக்கு மேல் விடுவதில்லை.

4ஜிக்கு மாறுவதில் ஒரு சின்னத் தப்பு. பைபர் போனால் மாறு என்று சொல்லிவைத்தேன். ஆனால் ரவுட்டர் பிங் பண்ணிப் பார்த்தது பக்கத்திலிருந்த பைபர் பெட்டியைத்தான். வெளியே கேபிள் வெட்டுப்பட்டாலும் அந்தப் பெட்டி ‘நான் இருக்கிறேன்’ என்றே பதில் சொல்லும். கூகிளின் 8.8.8.8 போன்ற வெளி முகவரியைப் பைபர் வழியாக மட்டும் தொட்டுப் பார்க்கும்படி ரூட்டை மாற்றிய பிறகு சரி.

வெளியிடப் பிரதிக்கு வருகிறேன். தரவு 600 ஜிகாபைட் அளவு, பெரும்பாலும் ஸ்கான் செய்த சுங்கப் பத்திரங்கள். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் இடைவிடாமல் ஐந்தரை நாள். அதனால் இரண்டாவது நாஸைக் கடையிலேயே நிரப்பி, பருப்பு மூட்டைகளோடு லொறியில் வெல்லம்பிட்டிக்கு அனுப்பினோம். பிறகு இரவில் மாற்றங்கள் மட்டும் போகும். முதலாளிக்கு ‘இதெல்லாம் தேவையா’ என்ற முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. 2023இல் ரென்சம்வெயார் (பைல்களைப் பூட்டிக் கப்பம் கேட்கும் மென்பொருள்) தாக்கி இலங்கை அரச மேகக் கணிமையில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போன செய்தியைப் பத்திரிகையில் படித்த பிறகு அது நின்றது.

ஆனால் வெல்லம்பிட்டி! 2016இல் களனி கங்கை பெருகி அந்தப் பக்கம் தண்ணீரில் மூழ்கியதை நானே கண்டவன். வாடகை இல்லாத இடம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். மேல்தட்டில், ஐந்தடி உயரத்தில் வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். 2025 நவம்பர் கடைசி, டித்வா புயல். 27ஆம் திகதி இரவுப் பிரதிதான் கடைசியாகப் போனது. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் நாஸ் தரையில், சேறு பூசிக் கிடக்கிறது. தண்ணீர் மேல்தட்டைத் தொடவே இல்லை. பொடியன்கள் மூட்டைகளைக் காப்பாற்ற மேல்தட்டைக் காலி செய்திருக்கிறார்கள். பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது என்னவென்று நான் ஒருநாளும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கடைப் பக்கம் தண்ணீர் வராததால் ஒன்றும் இழக்கவில்லை. ஆனால் வெளியே மிஞ்சியிருந்தது என் வீட்டு அலுமாரியில் கிடந்த ஒரு கையடக்க வன்தட்டு, ஆறு கிழமை பழையது. அடுத்த பத்து நாளும் கடையில் யாராவது ஊதுபத்தி கொளுத்தினாலும் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

டிஎஸ்220 பிளஸ் திரும்ப வாங்குவேனா? இந்த அளவுக் கடைக்கு வாங்குவேன். ஒரு வன்தட்டு நான்காம் வருடத்தில் மாற்றினோம், கடை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. குறை என்றால், கூட வரும் 2 ஜிபி நினைவகம் காணாது, உடனே கூட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் தெரிவை மறக்காமல் போடுங்கள்.

புது வெளியிடப் பெட்டி கண்டியில் முதலாளியின் மச்சான் வீட்டு மாடிக்குப் போகிறது. அதன் மேல் சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: ‘இதை இறக்க வேண்டாம். இறக்கினால் எனக்குக் கோல் எடுக்கவும்.’