போஸ்ட்மார்க்கின் வாராந்திர டிமார்க் அறிக்கை: பதினொரு வாரம் படித்த பிறகு

கோவையில் ஒரு பம்ப்செட் உதிரிபாகக் கடையில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. சென்ற ஆண்டு எங்கள் முகவரியிலிருந்தே வந்ததுபோல ஈரோட்டு டீலர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது: "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவையைப் புதுக் கணக்கில் போடவும்." அவர் போன் செய்து கேட்டதால் தப்பித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பெயரில் பிறர் அனுப்புவதை என்ன செய்வது என்று பெறுகிற சர்வருக்கு நாம் சொல்லி வைப்பதுதான் டிமார்க். 'நன்' என்றால் தடுக்காதே, தகவல் மட்டும் சொல்; 'குவாரன்டைன்' என்றால் ஸ்பாமில் போடு; 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. கோபத்தில் நேரே ரிஜெக்ட் போடப் போனேன். நல்லவேளை, போடவில்லை.

அந்தத் தகவல், ஜிமெயில், யாஹூ என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்பாகத் தினமும் வரும். கண்ணால் படித்து மாளாது. மின்னஞ்சல் அனுப்பும் சேவை நிறுவனமான போஸ்ட்மார்க் தரும் முகவரியை நம் டொமைனின் (இணையப் பெயரின்) டிஎன்எஸ் பதிவில், அதாவது அந்தப் பெயருக்கான பொதுக் குறிப்பேட்டில், சேர்த்தால், எல்லாவற்றையும் தொகுத்து வாரம் ஒரு மின்னஞ்சலாக அனுப்புகிறது. கட்டணம் இல்லை.

முதல் அறிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பில்லிங் மென்பொருள் வழியாகப் போகும் எங்கள் ரசீதுகள் அத்தனையும் தோல்வி! ஒரு டொமைன் பெயரில் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் அவை தேறித்தான் இருந்தன. ஆனால் மென்பொருள்காரரின் டொமைன் பெயரில். அனுப்புநர் வரியில் இருந்ததோ எங்கள் பெயர். இரண்டும் பொருந்தாவிட்டால் டிமார்க் அதை ஏற்காது. அன்று ரிஜெக்ட் போட்டிருந்தால், மோசடிக் கடிதத்தோடு எங்கள் ரசீதுகளும் திரும்பியிருக்கும். கடிதத்தில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் சாவியை எங்கள் டொமைனில் வெளியிட்ட பிறகே அவை தேறின. பழைய முகவரியிலிருந்து ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் டீலர்களிடம் எஸ்பிஎஃப் இன்னும் தவறுகிறது; கையொப்பம் சிதையாததால் கடிதம் போய்ச் சேருகிறது.

ஏழாம் வாரம் குவாரன்டைன், பத்தாம் வாரம் ரிஜெக்ட். வாரம் ஒரு முறைதான் அறிக்கை என்பது அப்போதுதான் உறுத்தியது. கொள்கையை இறுக்கிய மறுநாள் ஏதாவது தவறினாலும் அடுத்த அறிக்கை வரை தெரியாது. அந்த நாட்களில் பில் கிடைத்ததா என்று டீலர்களுக்கு நானே போன் செய்தேன்.

எங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கி அனுப்பினால் இந்த ஏற்பாடு தடுக்காது. அதனால் பில்லின் அடியில் இப்போது இப்படி அச்சிடுகிறோம்: "வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் சொல்ல மாட்டோம். கடைக்குப் போன் செய்து கேளுங்கள்."