ஹீட் எக்ஸ்சேஞ்சர்: ஆசிட் ஓட்டுவதா, கழற்றிக் குத்துவதா?

மலேசியாவின் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டம் தாண்டி ஜெட்டிப் பக்கம் போனால், போட் எஞ்சின் சூடாவதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். இரண்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு, அதாவது கடல்தண்ணீர் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி எஞ்சின் கூலன்ட்டைக் (குளிர்விக்கும் தண்ணீரை) குளிரவைக்கும் கூட்டுக்கு. சிட்ரிக் ஆசிட் ஓட்டினால் போதும் என்பது ஒன்று. கழற்றி, குழாய்களைக் கம்பியால் குத்தினால்தான் சரிவரும் என்பது மற்றது. என் ஓட்டு குத்துவதற்கே.

ஆசிட் சுலபம்தான். பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு கிலோ. சிங்க் கட்டையை (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரையும் துத்தநாகத் துண்டு) கழற்றிவிட்டு, சின்ன பம்பு வைத்து உப்புத்தண்ணீர்ப் பாதையில் சுற்றவிட வேண்டும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசல். ஹைட்ரோகுளோரிக் மட்டும் வேண்டாம், அலுமினியக் கூட்டைத் தின்றுவிடும்.

ஆனால் இது பேராக் ஆறு கடலில் கலக்கும் இடம். சுண்ணாம்பு கரையும், சேறு கரையாது. அதைவிடப் பெரிய சங்கதி, ஆசிட் வழி இருக்கும் குழாயில்தான் ஓடும். முப்பது குழாயில் பத்து அடைத்திருந்தால், மற்ற இருபதும் பளபளக்கும். அந்தப் பத்து அப்படியே கிடக்கும். மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. வலையும் மீனும் ஏற்றி வேகம் கூட்டும்போதுதான் சூடு காட்டும் முள் ஏறும். கடல்தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரிலிருந்து (சுழலும் சக்கரம்) பிய்ந்த ரப்பர் இறகு குழாய் வாயில் ஒட்டிக்கிடந்தால் எந்த ஆசிட்டும் அதை அசைக்காது. மூடியைக் கழற்றினால் விரலால் எடுத்துவிடலாம்.

கழற்றுமுன் கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வை அடைத்து, கூலன்ட்டை வடித்துவிடுங்கள். குழாய்க்கட்டு கூட்டுக்குள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பெயிண்டால் கோடு போடுங்கள். திருப்பி மாட்டினால் சில வகைகளில் கூலன்ட் போகும் வழி அடைபட்டுவிடும். குத்துவதற்கு, குழாயைவிட ஒரு மில்லிமீட்டர் மெலிந்த, முனை மழுங்கிய பித்தளைக் கம்பி. இரும்பு வேண்டாம், கீறும். சாத்தே குச்சியும் (இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி) வேண்டாம், உள்ளே முறிந்தால் அதுவே புது அடைப்பு. ஹோஸ் தண்ணீர் ஓட ஓடக் குத்தி, டார்ச் அடித்தால் ஒவ்வொரு குழாயிலும் மறுமுனை வட்டமாகத் தெரிய வேண்டும்.

இரு முனைக்கும் புது ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). கூலன்ட் பக்கம் காற்றடைத்து (ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் போதும்) தண்ணீரில் முக்குங்கள். குழாய் வாயில் குமிழி வந்தால் அந்தக் குழாய் ஓட்டை.

குழாய்க்குப் பதில் தட்டுகளை அடுக்கி, பற்றவைத்து மூடிய வகையைத் திறக்க வழியில்லை, அதற்கு ஆசிட்தான்.

பாதி கரைந்த சிங்க்கைத் திரும்ப மாட்டாதீர்கள். அது உடைந்து விழுவதும் இதே குழாய் வாயில்தான்.