காட்டன் கிராஸ் வளர்ப்பு: சில வருட அனுபவத்தில் தெரிந்தவை

காட்டன் கிராஸ் பஞ்சுபோன்ற குஞ்சம் விடும் சதுப்பு நிலச் செடி, தாவரவியல் பெயர் எரியோஃபோரம். இங்கிலாந்து நர்சரிகளில் அந்தப் பெயரில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். அங்குஸ்டிஃபோலியம் ஒரு தண்டில் பல பஞ்சுக் குஞ்சங்கள் விடும், மண்ணுக்கடியில் கிழங்கோடிப் பரவும். வஜினாட்டம் தண்டுக்கு ஒரே குஞ்சம்தான், நட்ட இடத்திலேயே தூராக நிற்கும். பெயர் புல் என்றாலும் இரண்டுமே கோரைக் குடும்பம். பஞ்சு நிறைய வேண்டுமென்றால் அங்குஸ்டிஃபோலியம். ஆனால் சின்னக் குளத்தில் நேராக நட்டுவிடாதீர்கள், பக்கத்துச் செடியை விட்டுவைக்காது.

40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் ஓட்டை வேண்டாம். மண் மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே, பக்கவாட்டில் ஒரு துளை போடுங்கள். பீட் (சதுப்பு நில மட்கு) கலக்காத எரிகேசியஸ் கம்போஸ்ட், அதாவது சுண்ணாம்பில்லாத அமிலத்தன்மையுள்ள தொட்டிக் கலவை, இரண்டு பங்கு, சுண்ணாம்பில்லாத கழுவிய மணல் ஒரு பங்கு. மார்ச், ஏப்ரலில் வேரும் குருத்தும் உள்ள துண்டுகள் மூன்றை நடலாம். முழு வெயில் கட்டாயம். நிழலில் இலை வரும், பஞ்சு வராது.

இந்தச் செடி சாவது பெரும்பாலும் கவனிப்பு கூடித்தான். உரமே போடக் கூடாது. போட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும், மற்ற களைகள் இதை அமுக்கிவிடும். லண்டன் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே ஊற்றி வந்தால் புது இலை மஞ்சளாக வெளுக்கும். மழைநீர் பீப்பாய் இல்லாதவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது. மேலே பரப்பும் சரளையிலும் சுண்ணாம்புக்கல், சிப்பி இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் இலை நுனி செம்பழுப்பாகும். அது நோயல்ல. அந்த நுனியை விரலில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக மூன்று பக்கம் தெரியும். மற்ற புல்லிலிருந்து பிரித்தறிய இதுதான் எளிய வழி.

ஒருமுறை பூத்த குருத்து விதை விட்டதும் காய்ந்துவிடும். அடுத்த பஞ்சு புதுக் குருத்தில்தான். அதனால் காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள், பச்சையைத் தொடாதீர்கள். தொட்டி நெருக்கமாகிப் பஞ்சு குறைந்தால் வசந்தத்தில் பிரித்து நட வேண்டும்.

பயன் என்று பார்த்தால், ஜாடியில் வைக்க அருமை. குஞ்சம் விரியத் தொடங்கியதுமே வெட்டித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முழுதாக முற்றவிட்டால் வீடெங்கும் பறக்கும். நூல் நூற்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம். பருத்தி இழைக்கு இருக்கும் இயற்கை முறுக்கு இதற்கில்லை, முறுக்கினால் ஒடிகிறது. அந்தக் காலத்தில் தலையணைக்கும் மெழுகுவர்த்தித் திரிக்கும் எடுத்தார்கள். ஒரு தொட்டிப் பஞ்சு ஊசிகுத்தும் குஷனுக்கு வேண்டுமானால் காணும்.