எலெக்ட்ரிக் டூத்பிரஷ்: வட்டத் தலையா, சோனிக்கா, பேட்டரி போடுவதா?

சில நூறு ரூபாயில் தொடங்கி இருபதாயிரம் ரூபாய் வரை எலெக்ட்ரிக் பிரஷ்கள் விற்கின்றன. அட்டைப்பெட்டியில் ஐந்து மோடு, ஏழு மோடு, புளூடூத், நிமிடத்துக்கு 40,000 அதிர்வு என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் உண்மையில் உதவுபவை அதிகமில்லை: அழுத்தினால் எச்சரிக்கும் சென்சார், 2 நிமிட டைமர், நல்ல பேட்டரி, உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்கும் மாற்றுத் தலை. இந்த நான்கும் சரியாக இருந்தால் போதும், எந்த வகையானாலும் வாங்கலாம். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் கொடுத்த விலைக்குப் பலன் கிடைக்காது.

சாதாரண பிரஷை ஒழுங்காகப் பிடித்து, ஒழுங்காக 2 நிமிடம் துலக்குகிறவருக்கு மின் பிரஷ் கட்டாயமில்லை. ஆனால் பெரும்பாலோர் அப்படித் துலக்குவதில்லை. கை பிரஷையும் மின் பிரஷையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மின் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் பல்லில் படியும் பிளேக் 11 சதவீதமும், அதற்குப் பிறகு 21 சதவீதமும் குறைவாக இருந்தது. ஈறு வீக்கத்தில் கிடைத்த குறைவு 6 சதவீதம், பிறகு 11 சதவீதம். பெரிய அதிசயம் இல்லைதான், ஆனாலும் தெளிவான லாபம். விரல் மூட்டு வலி உள்ள பெரியவர்கள், பல்லில் கிளிப் போட்ட பிள்ளைகள், படுக்கையில் இருப்பவருக்குத் துலக்கிவிட வேண்டியவர்கள் ஆகியோருக்கு இந்த லாபம் இன்னும் கூடுதல்.

மூன்று வகையும் வேலை செய்யும் விதம்

வட்டத் தலை பிரஷ் என்றால் நடைமுறையில் ஓரல்-பி. பொத்தான் அளவுள்ள சின்னத் தலை, இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழலும். வைட்டாலிட்டி மாடலில் இது நிமிடத்துக்கு 7,600 முறை. அதற்கு மேலுள்ள புரோ மாடல்களில் 8,800 முறை சுழல்வதோடு, தலை முன்னும் பின்னுமாகத் துடிக்கவும் செய்யும்.

சோனிக் வகையில் தலை சாதாரண பிரஷ் போல நீளமாக இருக்கும். மிக வேகமாகப் பக்கவாட்டில் அதிரும். 1992-இல் அமெரிக்காவில் சோனிகேர் என்ற பெயரில் வந்தது. 2000-இல் பிலிப்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. இப்போது சியோமி, அகாரோ என்று பலரும் இதே வகையை விற்கிறார்கள்.

மூன்றாவது, ஏஏஏ பேட்டரி போட்டு ஓட்டும் விலை குறைந்த பிரஷ். பெட்டியில் சோனிக் என்று போட்டிருந்தாலும் இவற்றில் பல, உள்ளே எடை சமமில்லாத ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றி மொத்தப் பிரஷையும் நடுங்க வைப்பவை. கைப்பிடி அதிரும் அளவுக்குத் தூரிகை அசையாது.

அதிர்வு எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள்

பிலிப்ஸ் தன் சோனிகேரை நிமிடத்துக்கு 31,000 வீச்சு என்று விற்றது. பின்னர் 62,000 அசைவு என்றும் எழுதத் தொடங்கியது. மோட்டார் இரண்டு மடங்கு வேகமாகிவிடவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. ஆகவே ஒரு பெட்டியில் இருக்கும் 40,000-ஐயும் இன்னொன்றில் இருக்கும் 31,000-ஐயும் வைத்து எது உயர்ந்தது என்று தீர்மானிக்க வழியில்லை. எத்தனை முறை அசைகிறது என்பதைப் போலவே எவ்வளவு தூரம் அசைகிறது, பல்லில் பட்டதும் அந்த அசைவு நிற்காமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். அதைப் பெட்டியில் போடுவதில்லை.

வாங்கியவுடன் நீங்களே பார்த்துவிடலாம். தூரிகையை நனைத்து, ஓடவிட்டு, கட்டைவிரல் நகத்தில் லேசாக வையுங்கள். சத்தம் சற்று மாறலாம், ஆனால் தூரிகை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். லேசாகப் பட்டதுமே தூரிகை நின்று, கைப்பிடி மட்டும் உறுமினால் மோட்டாருக்கு வலு போதாது. திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: சோனிகேரின் பல மாடல்களில் பழக்கத்துக்காக முதல் 14 முறை துலக்கும்வரை வேகத்தைக் குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வசதி இருக்கிறது. புதுப் பிரஷ் மந்தமாக இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம், கையேட்டைப் பாருங்கள்.

அழுத்த சென்சார்

இந்த ஒன்றுக்காக ஒரு படி மேலே உள்ள மாடலை வாங்கலாம். கை பிரஷில் அழுத்தித் தேய்த்துப் பழகியவர்கள் மின் பிரஷையும் அப்படியே அழுத்துவார்கள். தூரிகை மடங்கிவிட்டால் அதன் நுனி பல்லில் படாது, பக்கம்தான் உரசும். சுத்தமும் ஆகாது, ஈறும் கீழிறங்கும், பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும்.

வட்டத் தலையில் இந்தச் சென்சாரின் தேவை அதிகம், ஏனென்றால் அழுத்தினாலும் மோட்டார் விடாமல் சுழன்றுகொண்டிருக்கும். வைட்டாலிட்டி போன்ற தொடக்க மாடல்களில் எச்சரிக்கை விளக்கு கிடையாது. புரோ வரிசையின் 2, 3 மாடல்களில் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பு விளக்கு எரியும், துடிப்பும் குறையும். ஓரல்-பியின் ஐஓ வரிசையில் சரியான அழுத்தத்துக்குப் பச்சை, அதிகமானால் சிவப்பு. பிலிப்ஸ் 4100 போன்றவற்றில் அழுத்தினால் கைப்பிடியின் அதிர்வு மாறும். வாய்க்குள் இருக்கும் பிரஷின் விளக்கைக் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது என்பதால், கண்ணாடி முன் நின்று துலக்காதவர்களுக்குக் கையில் உணரும் எச்சரிக்கையே வசதி.

விலை குறைந்த சோனிக்குகளில் பெரும்பாலும் சென்சார் இல்லை. அப்படிப்பட்டதுதான் வாங்க முடியும் என்றால் பிரஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும்.

டைமரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2 நிமிடத்தில் நிற்கவோ சைகை காட்டவோ வேண்டும், 30 விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு அதிர்ந்து அடுத்த பகுதிக்குப் போகச் சொல்ல வேண்டும். வாயை மேல் வலம், மேல் இடம், கீழ் வலம், கீழ் இடம் என்று நான்காகப் பிரித்துக்கொள்ள அது போதும். புளூடூத்தும் செயலியும் முதல் இரண்டு வாரம் உற்சாகம் தரும், பிறகு யாரும் திறப்பதில்லை. மோடுகளில் சாதாரணம், மென்மை என்ற இரண்டு போதும். வெண்மை மோடு பல்லை வெளுக்காது. வெற்றிலைக் கறையும் பல்லில் இறுகிவிட்ட கல்லும் எந்தப் பிரஷுக்கும் போகாது, அதற்குப் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மாற்றுத் தலை: உண்மையான செலவு இங்கேதான்

மூன்று மாதத்துக்கு ஒரு தலை, ஆண்டுக்கு நான்கு. கைப்பிடி ஐந்து ஆண்டு உழைத்தால் ஒரு ஆளுக்கு 20 தலைகள். தலை ஒன்று 300 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய், 150 என்றால் 3,000. வீட்டில் நாலு பேர் என்றால் இதை நாலால் பெருக்கிப் பாருங்கள். கைப்பிடியில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் இந்தக் கணக்கில் காணாமல் போய்விடும். ஆகவே பிரஷ் விலையைப் பார்க்கும் முன்பே தலையின் விலையைப் பாருங்கள்.

ஓரல்-பியின் வழக்கமான வட்டத் தலைகள் வைட்டாலிட்டி, புரோ, ஜீனியஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஐஓ-வுக்கு மட்டும் தனித் தலை, விலையும் கூடுதல், ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. சோனிகேரில் அழுத்திச் செருகும் தலைகள் பெரும்பாலான கைப்பிடிகளுக்குப் பொருந்தும். திருகி மாட்டும் பழைய மாடல்களுக்கும், பிலிப்ஸ் ஒன் என்ற சிறு பிரஷுக்கும் பொருந்தாது. பெயர் தெரியாத சோனிக்குகளில்தான் ஆபத்து அதிகம். ஓராண்டு கழித்து அந்த மாடலே சந்தையில் இருக்காது, தலையும் கிடைக்காது, நன்றாக ஓடும் கைப்பிடியைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும். அப்படி ஒன்றை வாங்கினால் அன்றே எட்டுத் தலைகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவு விலைத் தலைகளைப் பயன்படுத்தலாமா? தூரிகை முனை வழவழப்பாக உருட்டப்பட்டிருந்தால், தண்டில் ஆடாமல் உட்கார்ந்தால் பயன்படுத்தலாம். ஓரல்-பி கைப்பிடியின் உலோகத் தண்டு மலிவுத் தலையின் பிளாஸ்டிக் துளையைச் சீக்கிரமே அகலமாக்கிவிடும். பிறகு தலை லொடலொடவென்று ஆடும், சத்தம் கூடும், சுழற்சி முழுதாகத் தூரிகைக்குப் போகாது. அந்த நிலையில் தலையை மாற்றிவிட வேண்டும். சோனிகேரில் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே தெரியும் மெல்லிய இடைவெளி பழுது அல்ல, தலை கைப்பிடியில் உரசாமல் அதிர வேண்டும் என்பதற்காக வைத்தது. அதை மூட வேண்டும் என்று அழுத்திச் செருகாதீர்கள்.

பேட்டரியும் நம் குளியலறையும்

பழைய, மலிவான சார்ஜ் பிரஷ்களில் நிக்கல் பேட்டரி இருக்கும். வைட்டாலிட்டியின் நிக்கல் பேட்டரி மாடல்கள் முழுதாக ஏற 16 மணி நேரம் ஆகும், ஒரு வாரம் ஓடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதை முழுதாகத் தீரவிட்டு மறுபடி ஏற்றினால் பேட்டரியின் ஆயுள் நீளும். லித்தியம் பேட்டரியில் இந்த வேலை இல்லை, இரண்டு வாரமும் அதற்கு மேலும் வரும்.

நம் வீடுகளில் இது ஏன் முக்கியம் என்றால், குளியலறைத் தரை முழுக்க ஈரமாகும், சுவரில் இருப்பதும் பெரும்பாலும் கீசருக்கான 16 ஆம்பியர் பிளக். சார்ஜரை அங்கே வைக்கக் கூடாது. அறைக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் பிரஷ்தான் தோது. விடுதியில் இருப்பவர்களுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் யுஎஸ்பி கேபிளில் ஏறுவது வசதி. ஆனால் கேபிள் செருகும் துளையை மூடும் ரப்பர் தளர்ந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், துளை நன்றாகக் காய்ந்த பிறகே கேபிளைச் செருகுங்கள். துளையே இல்லாத, பீடத்தில் நிறுத்தி ஏற்றும் பிரஷில் இந்தத் தொல்லை இல்லை.

ஏஏஏ பேட்டரி வகையின் பெரிய குறை, வேகம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது. நின்றால்தானே தெரியும்? பாதி வேகத்தில் துலக்கிக்கொண்டிருப்பதை உணராமலே வாரங்கள் போய்விடும். பேட்டரி அறையில் ஈரம் போனால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மின் பிரஷின் அதிர்வு வாய்க்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒரு மாதம் வைத்திருக்கலாம், அதற்கு மேல் இந்த வகையைப் பரிந்துரைக்க மாட்டோம்.

யாருக்கு எது

வட்டத் தலைக்கும் சோனிக்குக்கும் சுத்தம் செய்வதில் உள்ள வித்தியாசம் சிறியதுதான். ஒப்பீடுகளில் வட்டத் தலை கொஞ்சம் முன்னால் நிற்கிறது, ஆனால் வித்தியாசம் உங்கள் கைப்பழக்கத்தால் மறைந்துவிடும் அளவே. அதனால் வாயைப் பார்த்து முடிவெடுங்கள். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் பிரஷ் எட்டவில்லை, பெரிய தலை உள்ளே போனால் குமட்டுகிறது, பற்கள் கோணல்மாணலாக நெருக்கி இருக்கின்றன, கிளிப் போட்டிருக்கிறது என்றால் வட்டத் தலை. ஈறு இறங்கியிருக்கிறது, பல் கூச்சம் உண்டு, கரகரவென்ற சத்தம் பிடிக்காது என்றால் மென்மை மோடு உள்ள சோனிக். கை பிரஷ் பழக்கத்திலிருந்து மாறுகிறவர்களுக்கும் சோனிக்கின் நீளத் தலை சீக்கிரம் கைவரும்.

துலக்கும் விதம் இரண்டுக்கும் வேறு. வட்டத் தலையை ஒவ்வொரு பல்லாக வைத்து ஓரிரு விநாடி நிறுத்தி, ஈற்றோரத்தின் வளைவோடு நகர்த்த வேண்டும். சோனிக்கை ஈற்றோரத்தில் 45 டிகிரி சாய்த்து மெதுவாக இழுத்துப் போனால் போதும். எதையும் கை பிரஷ் போல முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. பட்டாணி அளவு பேஸ்ட், வாய்க்குள் வைத்த பிறகே சுவிட்ச். இல்லையென்றால் கண்ணாடி முழுக்க நுரை தெறிக்கும். பல்பொடியும் கரிப்பொடியும் வேண்டாம். கரடுமுரடான துகளை இயந்திர வேகத்தில் தேய்த்தால் எனாமல் தேயும், தலையின் இடுக்கிலும் பொடி அடைத்துக்கொள்ளும். பல்லிடுக்குக்கு ஃபிளாஸ் நூல் தனியாக வேண்டும், அந்த வேலையை எந்த பிரஷும் செய்யாது. ஈற்றில் முதல் சில நாள் லேசாக ரத்தம் வரலாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வாங்கும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

துலக்கி முடித்ததும் தலையைக் கழற்றி, தலையையும் தண்டையும் தனித்தனியே கழுவித் துடைத்து வையுங்கள். மாட்டியபடியே விட்டால் எச்சிலும் பேஸ்டும் அந்த இணைப்பில் இறங்கிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் தண்டைச் சுற்றி வெள்ளையாகப் படியும், சில மாதத்தில் தலையைக் கழற்றவே முடியாமல் இறுகும். அங்கே கடைசியாக ஒரு முறை குடிதண்ணீரில் அலசித் துணியால் துடைத்தால் இந்தப் படிவு சேராது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது வாங்கி வந்தால், செருகும் முன் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100–240V என்றிருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போதும். 110–130V என்று மட்டும் இருந்தால் அடாப்டர் போட்டாலும் நம் 230 வோல்ட்டில் எரிந்துவிடும், ஏனென்றால் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அந்த உத்தரவாதமும் பெரும்பாலும் இங்கே செல்லாது என்பதால், கைப்பிடியை இங்கேயே வாங்கிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தலைகளை மட்டும் அங்கிருந்து கொண்டுவரச் சொல்வது நல்லது.