ஒப்பரேசன் வீடியோவில சதையை ட்ராக் பண்ணுற சொஃப்ட்வெயர், 14 நாள் பாவிச்சுப் பாத்தது

கிளிநொச்சியில இருந்துகொண்டு இப்பிடி ஒரு சாமானுக்கு ரிவ்யூ எழுதுவன் எண்டு நானே நினைக்கேல்லை. வெளிநாட்டில ரிசேர்ச் செய்யிற ஆக்களுக்கு லப்ரஸ்கோபி (வயித்தில சின்னத் துளை போட்டு ஸ்கோப் எண்ட கமெராக் குழாயை விட்டுச் செய்யிற ஒப்பரேசன்) வீடியோ லேபிள் பண்ணிக் குடுக்கிற வேலை ஒண்டு பகுதிநேரமாச் செய்யிறன். ஈரல் எது பித்தப்பை எது எண்டு ஃப்ரேம் ஃப்ரேமாக் கீறுறதுதான், செக்கனுக்கு 25 ஃப்ரேம் ஓடுற வீடியோ எண்டா ஒரு நிமிசத்துக்கே 1500 படம், கையால கீறினா கண் பூத்துப்போகும். அதால இந்த ட்ராக்கிங் சொஃப்ட்வெயர் ஒண்டை ட்ரயலில எடுத்தன். பேர் போடேல்லை, சின்னக் கொம்பனி, கீழ ஏச்சும் கொஞ்சம் வருது, பாவம் எண்டு விட்டிட்டன்.

வேலை என்னெண்டா, முதல் ஃப்ரேமில சதையில ஒரு புள்ளி வைச்சா அந்தச் சதைத்துண்டு பிறகு வாற ஒவ்வொரு ஃப்ரேமிலயும் எங்க நிக்குது எண்டு அது சொல்லோணும். கேக்க லேசாத்தான் கிடக்கு. கத்தரிக்கோல், கிளிப் மாதிரிச் சாமானுகளைத் தொடருறது சுகம், விளிம்பு இருக்கு, உருவம் மாறாது. ஈரலும் கொழுப்பும் அப்பிடியே? கிட்டப் பாத்தா எல்லாம் ஒரே நிறம், பிடிச்சு இழுத்தா உருவம் மாறும், மெசின் மூச்சுக் குடுக்கக் குடுக்க முழுசும் ஏறி இறங்கும், இடையில சுடுற புகை வேற, இரத்தம், லென்ஸில ஆவி, ஏதாவது ஒரு சாமான் குறுக்க வந்து மறைச்சுப்போட்டு நிக்கும்.

நான் போட்டுப் பாத்தது கொலெக் 80 வீடியோக்கள். பிரான்சில ஸ்ட்ராஸ்பூர்க் ஆக்கள் ரிசேர்ச்சுக்கெண்டு குடுத்தது, 13 சத்திரசிகிச்சை டொக்டர்மார் செய்த 80 பித்தப்பை ஒப்பரேசன். முதல் நாள் உண்மையாவே வாயைப் பிளந்திட்டன். பிரவுசரிலயே ஓடுது, ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை, 12 புள்ளி வைச்சன், பத்துச் செக்கன் க்ளிப், பன்னிரண்டும் ஒட்டின மாதிரிப் போகுது, பக்கத்தில பச்சை எழுத்தில 95, 97 எண்டு, தான் பிடிச்சது சரியெண்டு தனக்கு எவ்வளவு நம்பிக்கை எண்டதையும் காட்டுது.

அண்டைக்குப் பின்னேரம் பெரியம்மாவின்ர மகள் அக்கா வந்தவ, ஒப்பரேசன் தியேட்டரில நேர்ஸ், முறிகண்டியில வாங்கின கச்சான் பையோட எனக்குப் பின்னால கதிரையைப் போட்டு இருந்து பாத்தவ. ரெண்டு தரம் ஓடிக் காட்டினன். மூண்டாந்தரம் "டேய் தம்பி, உந்த ஏழாம் நம்பர் ஈரலோட போகேல்லையடா, வெளிச்சத்தில எல்லோ நிக்குது" எண்டா. நிப்பாட்டிப் பெருப்பிச்சுப் பாத்தா அப்பிடித்தான். ஈரச் சதையில ஸ்கோப்பின்ர லைட் பட்டு வெள்ளையா ஒரு மினுக்கம், புள்ளி அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, அதுக்குக் கீழ சதை ஒரு பக்கமா வழுக்கிப் போகுது.

இரணைமடுக் குளக்கட்டில பின்னேரம் நடந்த ஆக்களுக்கு இது விளங்கும், தண்ணியில சூரியன் மினுங்குற இடம் நாங்கள் நடக்க நடக்க எங்களோடயே வரும், தாமரை இலை நிண்ட இடத்திலதான் நிக்கும். ஸ்கோப்பில லைட் கமெராவோட ஒட்டினபடி வாறதால மினுக்கமும் கமெராவோட சேந்து நகரும், அது சதைக்குச் சொந்தமில்லை. சொஃப்ட்வெயர் பாக்கிறது "முந்திப் பாத்த மாதிரியே இருக்கோ" எண்டுதான் போல, மினுக்கம் எப்பவும் ஒரே மாதிரித்தானே இருக்கும், அப்ப 97 குடுக்கும்தானே. பிழை விடுறது கூடப் பரவாயில்லை, பிழை விட்டுப்போட்டு பச்சை எழுத்தில 97 எண்டு காட்டுறதுதான் எனக்குக் கடுப்பு.

அடுத்த நாள் வேறொரு வேலை பாத்தன். வீடியோவைக் கடைசி ஃப்ரேமில இருந்து முதலுக்குத் திருப்பி, புள்ளி முடிஞ்ச இடத்தில இருந்து பின்னால ஓடவிட்டன், சரியாத் தொடர்ந்திருந்தா துவங்கின இடத்துக்கே வரோணும். மூண்டு புள்ளி எங்கயோ போய் நிண்டது, மூண்டும் புகைக்கையும் சாமானுக்குப் பின்னாலயும் மாட்டின புள்ளியள், புகை வரேக்க அப்பிடியே உறைஞ்சு நிண்டு, வெளிச்சபிறகு அயலில இருக்கிற வேற சதையைப் பிடிச்சிருக்கு. ஆனா பகிடி என்னெண்டா ஏழாம் நம்பர் வடிவாத் திரும்பி வந்திட்டுது, போகேக்கயும் மினுக்கத்தில வரேக்கயும் மினுக்கத்தில! அக்கா இல்லாட்டி நான் அதைச் சரியெண்டு அனுப்பியிருப்பன்.

பழைய முறை தெரிஞ்ச ஆக்களுக்கு, 1981இல வந்த லூகஸ் கனாடே எண்ட புள்ளி தொடருற முறையில இருந்தே இந்தத் தலையிடி இருக்கு, அது ஒரு ஃப்ரேமில இருந்து அடுத்ததுக்கு வெளிச்சம் மாறாது, அசைவு சின்னன் எண்டு நினைச்சுத்தான் கணக்குப் போடுது, சின்னச் சின்னப் பிழை சேந்து சேந்து புள்ளி மெல்ல நழுவும். 2023இல வந்த கோட்ராக்கர் எண்ட ட்ராக்கிங் சொஃப்ட்வெயர் மாதிரிப் புதுசுகள் கனக்கப் புள்ளியை ஒண்டாச் சேத்துப் பாக்கிறதால மறைஞ்ச புள்ளியையும் ஓரளவுக்குப் பிடிக்கும். காசில்லாட்டி அதைக் கூகிள் கோலாபில (பிரவுசரிலயே கோட் ஓடுற கூகிளின்ர பக்கம்) ஓடிப் பாருங்கோ, க்ளிப்பைச் சின்னனா வெட்டிப் போடோணும், லைசன்ஸ் வியாபாரத்துக்கு இல்லை, அதையும் பாத்துச் செய்யுங்கோ.

சதை உண்மையா எங்க போச்சு எண்டு எப்பிடித் தெரியும்? ஸ்டிர் எண்டொரு டேட்டாசெட்டில நல்ல வேலை செய்திருக்கினம், சதையில இண்டோசயனின் கிறீன் சாயத்தால பச்சை குத்தி, சாதாரண வீடியோவில அது தெரியாம, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில மட்டும் துவக்கத்திலயும் முடிவிலயும் தெரியிற மாதிரி, 3000க்கு மேல புள்ளியள். அதில உங்கட சாமானை ஓடிப் பாத்தனீங்களோ எண்டு கொம்பனிக்கு மெயில் போட்டன். வடிவான பிடிஎஃப் ஒண்டு வந்தது, கேட்டதுக்குப் பதில் மட்டும் அதில இல்லை.

நல்லதையும் சொல்லோணும். பிழைச்ச இடத்தில புள்ளியை இழுத்துத் திருத்தினா முன்னுக்கும் பின்னுக்கும் தானாத் திருத்திக்கொண்டு போகுது, இது ஒண்டுக்காகவே காசு குடுக்கலாம், ஒரு பின்னேரம் முழுக்க இருந்து செய்யிற க்ளிப் ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சுது. புள்ளியள் நிண்ட இடங்களைச் சிஎஸ்வியா (எக்செலில திறக்கிற அட்டவணை ஃபைல்) எடுக்கவும் ஏலும். மாசக் காசு டொலரில எண்டபடியால எங்கட கைக்குக் கடிக்கும், வேலை கூடின மாசத்துக்கு மட்டும் எடுக்கிறதாத்தான் இருக்கிறன்.

அக்கா "எங்கட தியேட்டர் வீடியோவையும் போட்டுப் பாப்பமோ" எண்டு கேட்டவ, வேண்டாம் எண்டிட்டன், அப்லோட் பண்ணினா அது ஆற்றையோ சேர்வரில போய்க் கிடக்கும், நோயாளியைக் கேக்காம அப்பிடிச் செய்யேலாது. ரிசேர்ச்சுக்கு மட்டும், நோயாளிக்குப் பாவிக்கிறதுக்கில்லை எண்டு அவையே பக்கத்தின்ர அடியில பொடி எழுத்தில போட்டிருக்கினம்.

லேபிள் வேலைக்கு 5க்கு மூண்டரை. சதை எவ்வளவு அசைஞ்சுது எண்டு அளவெடுக்கப் போறனெண்டா 5க்கு ஒண்டுதான். எடுக்கிற ஆக்கள் புள்ளி வைக்க முதல் வெள்ளையா எரியிற இடங்களை ஓபன்சிவியில (படங்களைக் கையாளுற இலவச கோட் தொகுப்பு) பிடிச்சு மறைச்சுப்போட்டு வையுங்கோ, நாலு வரிக் கோட்தான். பெரிய ஃபைலுகளை ராவில அப்லோட் பண்ணுங்கோ, பகலில இஞ்சத்தைய 4ஜியில பாதியில நிண்டிடும்.