ரிஸ்ட் ஸ்பிளின்ட்: சுளுக்குக்கு நல்லது, கட்டைவிரலுக்குப் போதாது

மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் உறைதான் ரிஸ்ட் ஸ்பிளின்ட்: உள்ளங்கைப் பக்கம் வளைந்த அலுமினியத் தகடு, மூன்று வெல்க்ரோ பட்டை. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் சாதாரண மாடல் இதுதான். வரப்பில் வழுக்கிக் கையூன்றி விழுந்தவர்கள் முதலில் வாங்குவதும் இதைத்தான். சுளுக்குக்கு நன்றாகவே பிடிக்கிறது. முறிவோ என்ற சந்தேகத்தில் எக்ஸ்ரேவுக்குப் போகும்வரை கையை அசையாமல் வைக்கவும் போதும். குழந்தைகளுக்கு எலும்பு லேசாக மடங்கியிருந்தால் டாக்டரே மூன்று வாரம் இதைப் போடச் சொல்வதுண்டு.

குறை, கட்டைவிரலை அப்படியே விட்டுவிடுவது.

கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்துங்கள். அதன் அடியில் இரண்டு நாண்கள் புடைத்து, நடுவே சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம். வீக்கம் அதிகம் இருக்காது, கையும் கோணாது. அதனால்தான் சுளுக்கென்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலி இருந்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் ஒடிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் செத்துவிடக்கூடும். இந்த வலிக்கு, கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் 'தம்ப் ஸ்பைகா' என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் டாக்டரைப் பார்க்கும்வரைதான்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மணிக்கட்டு கவிழ்த்த முள்கரண்டி போல வளைந்திருந்தால் ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) முறிவு; வயதான பெண்களுக்கு அதிகம். அந்தக் கையைத் தகட்டுக்குள் அமுக்கிப் பொருத்தவே கூடாது. மடித்த செய்தித்தாளை அடியில் கொடுத்து, துண்டால் தொட்டில் கட்டி அழைத்துப் போங்கள். சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கியிருந்தாலும் இது உதவாது, பட்டை முட்டிக்கு முன்பே முடிந்துவிடும்.

அளவு மணிக்கட்டுச் சுற்றளவில், சென்டிமீட்டரில். இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனி. விரல்களுக்கு அருகே உள்ள உள்ளங்கைக் குறுக்கு ரேகைக்குக் கீழேயே விளிம்பு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் மடங்காது. வளையல், மோதிரத்தை முதலில் கழற்றிவிடுங்கள். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கட்டியபின் நகத்தை அழுத்தி விடுங்கள்: இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டாலோ விரல் மரத்தாலோ உடனே தளர்த்துங்கள்.

உள் பஞ்சு சித்திரை வெயிலில் வியர்த்து அரிக்கிறது, அடியில் மெல்லிய பருத்தித் துணி வேண்டும். வெல்க்ரோவில் வைக்கோல் தூசி அடைத்தால் பிடிப்பு போய்விடும்; பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிறது. துவைக்குமுன் தகட்டை உருவிவிட்டு, நிழலில் காயவையுங்கள்.